கீழிருந்து வெட்டிய இரண்டு வரிகள்



யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடத்தப்படுகிறதோ அந்தத் தமிழாசிரியர், ஒரே செய்தியை மூன்று நாளிதழ்களிலிருந்து வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்வாராம். சற்று முன் அவருடைய மகள் சொன்னார். அந்த வகுப்பில் உட்கார எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உட்கார்ந்திருந்தால் நான் செய்த ஒரு தவறைச் செய்யாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கையில் இருக்கும் இந்தத் தாள் முன்வரிசையில் இருப்பவர்களுக்கும் வெற்றுத்தாளாகத்தான் தெரியும். இது ஒரு ஃபேக்ஸ் தாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். அப்போது ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு இது வந்தது. வழவழப்பான அந்த ஃபேக்ஸ் தாளில் எழுத்து நிற்பதில்லை. வெயில் பட்டால் சீக்கிரமே போய்விடும். பீரோவுக்குள் வைத்தாலும் சில வருடங்களில் வெளிறிவிடும். இப்போது மேல் ஓரத்தில் ஒரு தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சியிருக்கின்றன. என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு வரிக்கு வரி தெரியும்.

எட்டு வரிகள். கூலி வேலை செய்யும் ஒருவரும் அவருடைய அண்ணன் மகனும் வயலுக்குப் போகும் பாதையில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். முதல் ஆறு வரிகளில் பெயர், வயது, ஊர், நேரம், உடல்கள் கொண்டுசெல்லப்பட்ட அரசு ஆஸ்பத்திரி, ‘முன்விரோதம் காரணமாக இருக்கலாம் என்று போலீஸார் விசாரித்துவருகிறார்கள்’ என்ற வழக்கமான முடிப்பு. கடைசி இரண்டு வரிகள் வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பத்து மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு ‘காலமானார்’ விளம்பரம் வந்தது. மறுநாள் காலை அடக்கம், பணம் கட்டியாகிவிட்டது, கட்டாயம் போட்டாக வேண்டும். பக்கம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இடம் பண்ண வேண்டும். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள்: முக்கியமானது மேலே, மற்றது கீழே, இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. வெட்டினேன். அரை நிமிட வேலை. மறுநாள் அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவரின் சாவு படத்தோடும் பேரன் பேத்திகளின் பெயர்களோடும் வந்தது. பக்கத்திலேயே இரண்டு பேரின் கொலை ஆறு வரியில். அந்தப் பெரியவரின் வீட்டாருக்கும் துக்கம் துக்கம்தான். அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.

எந்தக் கொடுமைகளைச் செய்தி ஊடகங்கள் சொல்கின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதில் உலகம் அறிந்த ஆய்வுகள் இருக்கின்றன. 1965இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இருவர் நார்வே நாளிதழ்கள் நான்கில் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் எப்படி வெளிவந்தன என்று பார்த்து எழுதினார்கள். நமக்கு நெருக்கமான பண்பாடு, பெரிய நாடு, பெரிய மனிதர், திடீரென்று நடப்பது, ஒரே நாளில் தொடங்கி முடிவது, இவையெல்லாம் ஒரு நிகழ்ச்சியைச் செய்தி ஆக்குகின்றன என்றார்கள். 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெர்மனும் சாம்ஸ்கியும், போலந்தில் கொல்லப்பட்ட ஒரே ஒரு பாதிரியாருக்கு அமெரிக்க ஊடகங்கள் கொடுத்த இடத்தையும் லத்தீன் அமெரிக்காவில் கொல்லப்பட்ட பல பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகளுக்குக் கொடுத்த இடத்தையும் அளந்து காட்டினார்கள். இரண்டையும் நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் இவை அச்சில் வந்துவிட்டதை எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள். அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நாளிதழின் செய்தி டெஸ்க்கில் முப்பது வருடம் இருந்தேன். இந்தக் கொலை வேண்டும், அந்தக் கொலை வேண்டாம் என்று கூட்டம் போட்டு முடிவுசெய்ததை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கொலை யார் வாய் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதிலேயே பாதிக்குமேல் முடிவாகிவிடும்.

தாலுகா அளவில் செய்தி தருகிறவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். அவருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஜெராக்ஸ் கடையோ பேப்பர் ஏஜென்ஸியோ வைத்துப் பிழைப்பார். விளம்பரம் பிடித்துக்கொடுத்தால் கமிஷன் உண்டு. விளம்பரம் கொடுக்கிறவர் ரைஸ் மில் வைத்திருப்பவராக, கல்யாண மண்டபம் கட்டியவராக, ஊரில் நிலம் உள்ளவராக இருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு நிருபர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். அங்கே ரைட்டர் இருப்பார். நிருபர் அவரிடம் இன்று என்ன கேஸ் என்று கேட்டு, எஃப்.ஐ.ஆரைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மாவட்டத் தலைநகரில் என்றால் எஸ்.பி. அலுவலகத்திலிருந்து பிரஸ் நோட் வரும். இது சோம்பேறித்தனம் இல்லை. இருபது முப்பது கிராமங்களுக்கு ஒரே ஆள். அவருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் இதன் பலன் என்னவென்று பாருங்கள். வழக்குப் பதியாத சாவு செய்திக்கு வராது. பதிந்த சாவும் பதிந்தவருடைய சொற்களிலேயே வரும்.

அந்தச் சொற்களை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். முன்விரோதம். குடும்பத் தகராறு. மர்ம நபர்கள். இரு தரப்பினரிடையே மோதல். கள்ளக்காதல். இவை பார்ப்பதற்கு விளக்கம் மாதிரி இருக்கும். வேலை என்னவோ கதவைச் சாத்துவது. முன்விரோதம் என்று போட்டுவிட்டால் அந்த விரோதம் எதற்காக, எத்தனை வருடமாக, யார் கையில் நிலம், யார் கையில் அரிவாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘மோதல்’ என்று போட்டால் அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அதையும் ‘கூலித் தகராறு’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

‘கள்ளக்காதல்’ இவை எல்லாவற்றிலும் மோசமானது. செத்தவர்மேலேயே அது பழியைப் போட்டுவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்டத்தின் கயர்லாஞ்சி கிராமத்தில் 2006 செப்டம்பர் 29 அன்று ஒரு தலித் குடும்பத்தின் நால்வர், தாய், மகள், இரண்டு மகன்கள், ஊர்க்கும்பலால் கொல்லப்பட்டார்கள். நிலம், பாதை, ஒரு சாட்சியம் என்று அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருந்தது. ஆனால் முதலில் வெளியே பரவிய பேச்சு, அந்தத் தாயின் நடத்தை பற்றியது. முறைகேடான உறவால் வந்த வினை என்று எழுதிவிட்டால் அது இரண்டாம் நாளே பழைய செய்தி. அந்த ஊர் இருக்கும் விதர்பா பகுதியின் தெருக்களில் நவம்பரில் தலித் மக்கள் திரண்ட பிறகுதான் பெரிய ஊடகங்கள் அந்த ஊர்ப் பக்கம் திரும்பின. ஆனந்த் டெல்டும்டே 2008இல் இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். நான்கு சாவுகளை ஒரு மாதம் மறைத்துவைக்க ஒரு சொல் போதுமாக இருந்தது. நாமும் அந்தச் சொல்லை இன்றுகூட டீக்கடை போஸ்டரில் தொங்கவிடுகிறோம்.

சொல்கிற வாயே செய்த கையாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும்? தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிறிய ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பெருங்கூட்டமாக அந்த ஊருக்குள் போனார்கள். பின்னாளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர். மக்களை ஊர் ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். திரும்பி வந்தாலும் பிழைக்க முடியாதபடி செய்துவிட்டுப் போனார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டுபோய்ச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

இந்த ஊரைப் பற்றி மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனில் கேட்கும் நிருபருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். சந்தனக் கட்டை பறிமுதல், இத்தனை பேர் கைது. கட்டை உண்டு, கைது உண்டு, எண்ணிக்கை உண்டு, அதிகாரி பெயர் உண்டு. ஒரு கிரைம் செய்திக்கு வேண்டிய எல்லாமே உண்டு. செய்தி எழுத என்னை உட்கார வைத்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ‘அதிரடி சோதனை’ என்று தலைப்பும் போட்டிருப்பேன். ஊரில் எஞ்சியவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஃபோன் கிடையாது. வெளியே போகும் பாதையில் நிற்பவர்கள் அதே காக்கிச் சட்டைக்காரர்கள்.

நாட்டுக்கு விஷயம் தெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. தெரியவந்தது நாளிதழால் அல்ல. ஜூலை மாதம் மலைவாழ் மக்கள் சங்கத்தினர் கேள்விப்பட்டு அந்த ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் அதை எழுதினார், பேசினார், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அரசுத் தரப்பு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தது. 1995இல்தான் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தர்மபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, ஒருவர் விடாமல். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. அதுவும் ஒரு செப்டம்பர் 29. சம்பவத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 31 வருடங்கள். தீர்ப்பு வந்த நாளில் சேனல்களில் அது தலைப்புச் செய்தி. ஏனென்றால் அன்று சொன்ன வாய் நீதிபதியுடையது. அந்த 18 பெண்களும் 1992இல் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

வாச்சாத்தியை நினைத்துக்கொண்டு பார்த்தால் தூரத்தில் நடந்தவையும் எனக்கு விளங்குகின்றன. நைஜீரியாவில் போர்னோ மாநிலத்தின் பாகா ஊரை 2015 ஜனவரி 3 அன்று போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு தாக்கியது. கொலை நாள்கணக்கில் தொடர்ந்தது. அதே வாரம் 7ஆம் தேதி பாரிஸில் சார்லி ஹெப்டோ பத்திரிகை அலுவலகத்தின்மீது நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். பாரிஸில் உலகத் தலைவர்கள் கைகோத்து நடந்ததை உலகமே பார்த்தது. பாகாவில் 2000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது ஆம்னெஸ்டி. நைஜீரிய ராணுவம் 150 என்றது. வெள்ளையர் உயிருக்கு விலை அதிகம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தப் பகுதியில் செல்ஃபோன் கோபுரங்களை ஏற்கெனவே தகர்த்திருந்தார்கள். அங்கே நிருபர் யாரும் இல்லை. சாட் ஏரியைக் கடந்து சாட் நாட்டுக்கும், மறுபக்கம் மைதுகுரி நகருக்கும் தப்பி வந்தவர்கள் சொன்ன பிறகுதான் உலகம் கேட்டது. சார்லி ஹெப்டோ தாக்குதலில் இறந்தவர்கள் 12 பேர் என்றால் 12 பேர். பாகாவில் 150க்கும் 2000க்கும் நடுவே போனவர்களுக்கு ஓர் எண்ணிக்கைகூட மிஞ்சவில்லை.

வன்னியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியாது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. பத்திரிகையாளர்களுக்குப் போர்முனைக்குத் தாங்களாகப் போக அனுமதியில்லை. உள்ளேயிருந்து தொலைபேசியில் பேசியவர்கள் அரசு மருத்துவர்கள் சிலர். இன்று இத்தனை பேர் இறந்தார்கள், ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்தது, மருந்து தீர்ந்தது என்று வெளியே சொன்னவர்கள் அவர்களே. போர் முடிந்ததும் கைதானார்கள். 2009 ஜூலையில் காவலில் இருந்தபடியே அவர்களைச் செய்தியாளர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். தாங்கள் கொடுத்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். ஓர் இனத்தின் சாவுக்குச் சாட்சியாக இருந்த சில வாய்களும் அப்படி அடைபட்டன. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. தன் கையில் இருந்த எண்ணிக்கையை ஐ.நா. உரிய நேரத்தில் வெளியிடவில்லை என்று அதன் உள் விசாரணையே 2012இல் ஒப்புக்கொண்டது. 2009 மே 16 அன்று இங்கே நம் எல்லோர் வீட்டுத் தொலைக்காட்சியிலும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை ஓடியது. நான் இருந்த டெஸ்க்கிலும் அன்று முழுக்க அதே வேலைதான். அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் எங்களுக்குச் செய்தி ஏஜென்சி காப்பியாக வந்தது. ஏஜென்சிக்கு அது ராணுவ அறிக்கையாக வந்தது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த இளம் தம்பதியைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டினார்கள். கணவர் இறந்தார், மனைவி பிழைத்தார். அங்கே ஒரு கண்காணிப்பு கேமரா இருந்தது. முன்விரோதம், குடும்பத் தகராறு என்ற சொற்கள் அந்தக் காட்சியின் முன் நிற்கவில்லை. ‘ஆணவக்கொலை’ என்ற சொல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் ரைட்டருக்குப் பதிலாகக் கேமரா சாட்சி சொன்னது, அவ்வளவுதான். ஆனால் கடைவீதியில் கேமரா இருக்கும், வயல் வரப்பில் இருக்காது. சேனல்கள் அந்த வெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிய விதத்தையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாவட்டப் பதிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மொழி நாளிதழ்கள் ஊர் ஊராக இறங்கி வளர்ந்ததை ஆய்வாளர் ராபின் ஜெஃப்ரி 2000இல் வந்த தன் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். நானும் அந்த வளர்ச்சியில் சோறு சாப்பிட்டவன். ஆனால் அந்த ஏற்பாட்டில் அரூரில் நடந்தது அரூர்க்காரர்களுக்கே திரும்பிப் போகிறது. அவர்களுக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே! தெரிய வேண்டிய அமைச்சரும் செயலாளரும் சென்னைப் பதிப்பைப் படிக்கிறார்கள்.

இனி அந்த இரண்டு வரிகள். ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் செய்தியை அனுப்பிய நிருபரைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். பெரியவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த இரவு நினைவிருந்தது. அன்று ஸ்டேஷனிலிருந்து நேரே திரும்பாமல், சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் அந்த ஊருக்குப் போய்க் கொல்லப்பட்டவரின் வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டு வந்துதான் எழுதியிருக்கிறார். அந்த வருடம் முழுக்க அவர் அப்படிப் போனது அந்த ஒரு தடவைதானாம். அதனால்தான் ஃபேக்ஸ் ஒன்பதரை மணிக்கு வந்திருக்கிறது. சைக்கிளில் போய்க் கேட்டு வந்ததை அவர் கடைசியில் சேர்த்திருந்தார். நான் கடைசியில் இருந்ததை எடுத்தேன்.

அவரே என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுவரில் கணவரின் படம். அதே சட்டத்துக்குள், படத்துக்குக் கீழே, லேமினேட் செய்த ஒரு துண்டுத்தாள். நான் அச்சுக்கு அனுப்பிய ஆறு வரிகள். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள் படித்துக்காட்டியிருக்கிறாள்.

நான் யார் என்று நிருபர் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கேட்டார்: “முன்விரோதம்னு போட்டிருக்காமே சார். எங்களுக்கு யாரோடயும் விரோதம் இல்லையே. இத மாத்திப் போட முடியாதுங்களா?”

இருபது வருடத்துக்கு முந்தைய செய்தியை எந்தப் பேப்பரும் திருத்திப் போடாது என்று சொன்னேன். “எதுலயாவது அச்சுல வந்தாப் போதும் சார்” என்றார்.

இந்தச் சொற்பொழிவு நூலாக அச்சாகும் என்று என்னை அழைத்த துறைத்தலைவர் கடிதத்தில் எழுதியிருந்தார். நான் வருவதாக ஒப்புக்கொண்டது அந்த வரிக்காகத்தான். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் அந்த அம்மா வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன். மற்றபடி ஃபேக்ஸில் இருந்தபடியே:

“கொலையுண்டவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் தங்கள் தெருவாரும் தண்ணீர் எடுக்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு முன் தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தார். அதன் பிறகு மிரட்டல் வருவதாகக் கூறிப் பாதுகாப்புக் கேட்டு இரண்டு முறை காவல் நிலையத்துக்குச் சென்றதாக அவருடைய மனைவி தெரிவித்தார்.”